பொறவு பாப்போம்

காவல்கிணறு விலக்கில் இறங்கி
துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
ஆபீஸ் வந்து சேர்வதற்குள்
நாற்பது மெயில் கூடியிருக்கும்.
எழுதுவது மனிதர்கள் இல்லை,
காற்றாலைகள்.

எண்ணெய்ச் சூடு ஏறிவிட்டது என்று ஒன்று.
காற்று மிஞ்சியது, நின்றுகொண்டேன் என்று ஒன்று.
இரண்டு நிமிஷம் கழித்து அதுவே,
ஓடத் தொடங்கிவிட்டேன் என்று.

வைகாசியில் கணவாய் திறந்தால்
ஆவணி வரைக்கும் இதே பாடுதான்.
ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ,
பணகுடிப் பக்கம் நூற்றிப்பன்னிரண்டு கோபுரமும்
வாய் ஓயாமல் பேசும்.
கேட்க ஒருத்தி.
ஜெபக்கனி, சர்வீஸ் டெஸ்க்,
பிடித்தம் போக பதினாறாயிரத்து நானூறு.

சென்னையிலிருந்து ஒருத்தர் வீடியோவில் வந்து
இன்பாக்ஸைப் பூஜ்யமாக்க வகுப்பெடுத்தார்.
தொட்டால் முடிக்கணும்.
முடியாததைத் தள்ளணும்.
தள்ள முடியாததை அழிக்கணும்.
அவருக்குப் பின்னால் ஜன்னல் திரை
ஓர் இழைகூட அசையவில்லை.
இங்கே டீசல் பில்லுக்கு மேல் ஸ்டேப்ளர்,
ஸ்டேப்ளருக்கு மேல் என் முழங்கை.

ஆனாலும் சொன்னபடி செய்தேன்.
ஃபோல்டர் போட்டேன்: அவசரம்,
அவசரம் மாதிரி, நாளைக்கு.
நாற்பத்தேழாம் நம்பருக்கு மட்டும் தனி விதி.
அது காற்றுக்கு முகம் திருப்ப மறுத்து
மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம்
அதையே சொல்லிக்கொண்டிருந்தது,
கடைக்கு முன்னால் தரையில் விழுந்து அழும் பிள்ளை மாதிரி.
தலைப்பில் 47 இருந்தால்
என் கண்ணில் படாமல் நேராகப் போய் விழ
ஒரு ஃபோல்டர்: பொறவு பாப்போம்.
அப்படித்தான் பேர் வைத்தேன்.
யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

நேற்று கரண்ட் போய் வந்த நேரம்
கை தவறித் திறந்தது.
ஐயாயிரத்து முன்னூற்றுச் சொச்சம்.
ஒரே வரி, ஒரே வரி, ஒரே வரி,
கீழே இழுக்க இழுக்க ஒரே வரி.
நடுவில் ஒன்று மட்டும்
மேடம் என்று தொடங்கியது.

"மேடம் வணக்கம் 47 கதவு நெலைக்கு மேல
கதண்டு கூடு வச்சிருக்கு பானைத் தண்டி இருக்கும்
கிட்ட போக விடமாட்டுக்கு
என்ன செய்யணும்னு சொல்லுங்க
மாசானமுத்து டெக்னீசியன்"

பதினொரு நாள் ஆகியிருந்தது.
அலாரத்துக்கே பதில் தட்டியிருக்கிறான்,
அதனால் அலாரத்தோடு போய்விட்டான்.
மறுநாள் ஒன்று: "இன்னைக்கும் இருக்கு மேடம்."
அதற்கு மறுநாள்: "இருக்கு மேடம்."
ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலில் இருந்த நேரம்:
"இருக்கு."

போன் போட்டேன்.
முதலில் காற்றுதான் எடுத்தது,
பிறகு அவன்.
"அதுவா மேடம், முந்தாநாளே பிச்சுக்கிட்டு போயிட்டு.
காத்துதான். லெவிஞ்சிபுரத்துல
எவன் கூரையில கெடக்கோ.
இப்ப ஏணியிலதான் நிக்கேன்."
சிரித்தான்.
"மெயிலு வந்துச்சா மேடம்?
நமக்குத்தான் அனுப்பத் தெரியலியோன்னு நெனச்சேன்."

வந்தது என்றேன்.
என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை.
இரும்பில் ஸ்பானர் தட்டும் சத்தம் கேட்டது,
வைத்துவிட்டான்.

ஐந்தரை மணிக்கு
எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன்.
ஐயாயிரம் பிடிவாதமும் ஒரு சொடுக்கில் போனது.
ஞாயிற்றுக்கிழமை மெயிலை மட்டும் முன்னமே விலக்கி
படிக்காதது என்று குறித்துவைத்தேன்.
கறுத்துத் தடித்து
உச்சியில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை சென்னைக்காரர் கேட்பார்,
பூஜ்யம் ஏன் ஒன்றாக இருக்கிறது என்று.
கதண்டு என்று சொன்னால் அவருக்குத் தெரியுமா?
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
பையை எடுக்கும்போது
பதினேழாம் நம்பர் எழுதுகிறது:
காற்று மிஞ்சியது,
நின்றுகொண்டேன்.